பெரட்டுக்கு முன்னால ஒரு அவிச்ச முட்டை

கல்லுடைக்கிறவனுக்குக் கல்லு ஒண்ணுதான் எதிரி. விடியக்காலையில முட்டை விக்கிறவளுக்கு வாயுள்ள அத்தனை பேரும் எதிரி. இட்லி விக்கிறவங்க, புட்டு விக்கிறவங்க, கோப்பி கலக்குறவங்க, காலையில அடுத்தவங்க வயித்தை நம்பிப் பொழைக்கிற எல்லாருக்கும் நான் சொல்றது புரியும். புரியாதவங்க எல்லாம் வாங்கித் திங்கிற கூட்டம். அவங்களை என்னத்தச் சொல்ல!

நான் முட்டைக்காரியாப் பொறக்கல. அஞ்சலைன்னு பேரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல, மலாயாவுல ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்துல பால்வெட்டிக்கிட்டு இருந்தேன். மழை பேஞ்ச சரிவுல வழுக்கி விழுந்து முட்டி போச்சு. நடக்கலாம், மேடேற முடியாது. என் வீட்டுக்காரர் அதுக்கு முந்தியே காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாரு. வேலை செய்யாதவங்களுக்குத் தோட்டத்து லயத்துல வீடு கிடையாது, அது அங்கத்துச் சட்டம். "வீட்டைக் காலி பண்ணிட்டுக் கப்பலேறு"ன்னு கிராணி சொல்லிட்டாரு. ஆபீஸ் பாக்குற குமாஸ்தாவைத்தான் நாங்க கிராணின்னு கூப்பிடுவோம். கப்பலேறிப் போய் யார் வாசல்ல நிக்கிறது? ஊர்ல எனக்குன்னு ஒரு ஈ காக்கா கிடையாது.

அந்தச் சமயத்துலதான் பக்கத்து வீட்டு மாரியாயி மரத்தடியில மயங்கி விழுந்தா. விழாம என்ன செய்வா? இருட்டோட இருட்டா எல்லாரையும் வரிசையில நிக்கவச்சுப் பேர் கூப்பிடுவாங்க, அதுக்குப் பேரு பெரட்டு. வெயில் ஏறிட்டா மரத்துல பால் ஓடாது, அதுக்குத்தான் அவ்வளவு அவசரம். அடுப்பு மூட்ட நேரமில்லாம வெறுங்கோப்பியைக் குடிச்சுட்டு ஓடுற சனம், வெயில் வர்ற நேரத்துல கண்ணு இருட்டி வாளியோட சாயும். மாரியாயி விழுந்தது தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைக்குப் பெரிசில்ல. வாளிப் பால் சிந்தினதுதான் பெரிசு.

நான் நொண்டிக்கிட்டே போய்த் தொரை முன்னால நின்னேன். "சாயங்காலமே முட்டை அவிச்சு வச்சுக்கிறேன் தொரே. பெரட்டுக்கு வர்றவங்க நின்னவாக்குல தின்னுட்டுப் போவாங்க. யாரும் விழ மாட்டாங்க, பாலும் சிந்தாது"ன்னேன். மரமெல்லாம் அப்பதான் இலை கொட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. அவர் அண்ணாந்து மரத்தைப் பாத்துட்டு, "புது இலை வர்ற வரைக்கும் பாக்கிறேன். சரியில்ல, வீடு காலி"ன்னுட்டாரு. சரின்னு கும்புட்டுட்டு வந்தேன். தலைக்கு மேல இருக்குற கூரை இனிமே முட்டையாலதான் நிக்கணும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

நேத்து அவிச்சது

மொத நாள் சாயங்காலம் லயம் முழுக்கப் போய் முட்டை வாங்கினேன். எல்லார் வீட்டுலயும் கோழி இருந்துச்சு, அடுப்பு பத்தவைக்கத்தான் நேரமில்ல. உப்புப் போட்டு அவிச்சு, பச்சத்தண்ணியில ஆறவச்சு, ஈரமணல் பரப்பின பானையில அடுக்கி மூடினேன். காலையில அந்தப் பானையை இடுப்புல வச்சுக்கிட்டுப் போய்ப் பெரட்டுக் களத்து ஓரமா உக்காந்தேன். மொத ஆளா மாரியாயி வந்தா. ஒரு முட்டையை எடுத்து அரிக்கேன் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. "இது என் கோழி போட்டதுலா! என் கோழி முட்டையை எனக்கே விக்கிறியா?"ன்னு கேட்டா. ஆமாடி, உன் கோழி அவிச்சுப் போடாது, நான்தான் அவிக்கணும்னேன்.

அவ ஒருத்தியா? உரிச்சுக் குடுன்னு ஒருத்தர். உரிச்சு வச்சா யார் கை பட்டுச்சோன்னு இன்னொருத்தர். ஆறிப்போச்சுன்னு ஒரு மொகச்சுளிப்பு. முனியன்னு ஒரு எளந்தாரி, வாய் மட்டும் கிழவன் வாய். "முட்டை ஒடம்புக்குச் சூடு அக்கா. எனக்கு வெள்ளையை மட்டும் குடு"ன்னான். "வெள்ளையை மட்டும் போடுற கோழி எங்கயாச்சும் மேஞ்சா பிடிச்சுட்டு வா தம்பி, உனக்குன்னு தனியா வளக்குறேன்"னேன். அதுக்குள்ள மாரியாயி முட்டையை முழுசா முழுங்கிட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா. வந்து சொன்னா பாருங்க:

"நேத்து அவிச்சதை இன்னிக்கு விக்கிற. நாளைக்கு அவிக்கப்போறதை இன்னிக்கே குடுத்தா இன்னும் புதுசா இருக்கும்ல?"

உடையாத முட்டை

ஆளுங்களை வேலை வாங்குற எங்க கங்காணிக்கு ரொம்ப வருசம் கழிச்சு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் கொழுகொழுன்னு இருக்கேன்னு கொஞ்சினதுல புள்ளைக்குக் கண்ணுபட்டுப் போச்சு, விடாம அழுவுதுன்னு அவர் சம்சாரம் முட்டை சுத்திப் போடச் சொல்லியிருக்கு. கங்காணி என் வீட்டுக்கு வந்தப்ப நான் தண்ணிக்குப் போயிருந்தேன். வாசல்ல பானை இருந்துச்சு. மனுசன் ஒரு வார்த்தை கேக்காம ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. குங்குமம் தடவி, புள்ளையைச் சுத்தி, மூணு பாதை கூடுற எடத்துல கொண்டுபோய் ஓங்கிப் போட்டாரு.

முட்டை "தொப்"புன்னு விழுந்துச்சு. சிதறல. ஓடு லேசா விரிஞ்சதோட சரி, ஒரு சொட்டு சிந்தல. மறுபடி எடுத்து இன்னும் வேகமாப் போட்டிருக்காரு. அது ஒரு குதி குதிச்சு, பள்ளத்துல உருண்டு, நேரா கிராணி வீட்டு வாசப்படியில போய் உக்காந்துக்கிச்சு. காலையில கோலம் போட வந்த கிராணி சம்சாரம், குங்குமம் பூசின முட்டையைப் பாத்து ஊரைக் கூட்டிருச்சு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு கிராணி குதிக்கிறாரு. முட்டையே உடையலேன்னா கண்ணேறு எவ்வளவு கெட்டியோன்னு கங்காணி சம்சாரம் புள்ளையைக் கட்டிக்கிட்டு அழுவுது. நான் நொண்டிக்கிட்டே ஓடுறேன். "ஐயோ அண்ணே, அது அவிச்ச முட்டை! அதை எந்த முச்சந்தியில போட்டாலும் உடையாது!"ன்னு கத்துறேன். தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டா கங்காணி வேலை என்னாகுறது? என்னைப் பாத்துத் திருப்பிக் கேட்டாரு:

"அவிச்சதுன்னு முட்டை மேல எழுதியிருக்கா?"

கரிப்பொட்டு

எழுதித்தானே ஆகணும்? எனக்கு எழுத்துத் தெரியாது. அடுப்புக் கரியை எடுத்து ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பொட்டு வச்சேன். அன்னிக்குக் காலையில பெரட்டுக் களமே சிரிச்சுச்சு. "புள்ளைக்குத்தான் திருஷ்டிப் பொட்டு வைப்பாங்க, நீ முட்டைக்கே வச்சுட்டியே"ன்னு முனியன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான். சிரிச்சுட்டுப் போகட்டும், வயிறு நெறஞ்சா சரின்னு விட்டுட்டேன்.

ரெண்டு மூணு நாள் போச்சு. ஸ்டோர்ல காயப்போட்ட ரப்பர் ஷீட்டுல கறுப்புக் கறுப்பா புள்ளி. வழக்கமா மரப்பட்டைத் தூசி விழுந்தா அப்படித்தான் இருக்கும், பால்வெட்டுற கொழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனா கிராணிக்கு அந்த முட்டை வாசப்படிக்கு வந்ததுலேருந்து என் மேல ஒரு கண்ணு. முட்டைக் கரி எல்லார் கையிலயும் ஒட்டி, கையிலேருந்து மரத்துல பால் பிடிக்கிற மங்குக்குப் போய், மங்குலேருந்து வாளிக்குப் போய், ஷீட்டே கெட்டுப்போச்சுன்னு தொரைகிட்ட சொல்லிட்டாரு. நான் போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னு, இது பட்டைத்தூசிங்க ஐயா, கரி இல்லீங்கன்னு சொல்லிப் பாத்தேன். கிராணி கையில இருந்த ஷீட்டைக் கீழ வைக்காமலே சொன்னாரு:

"இந்தத் தோட்டத்துல இனிமே எது கறுத்தாலும் அது உன் முட்டைதான்."

ஈப்போ பாசார்ல வாங்கினது

கரியை விட்டுட்டு மஞ்சத்தண்ணியில அவிக்க ஆரம்பிச்சேன். ஓடு லேசா மஞ்சளா இருக்கும், பச்ச முட்டை எது, அவிச்சது எதுன்னு குழப்பம் வராது. முட்டைக்குக் காமாலை வந்திருக்குன்னு முனியன் சொன்னதை நான் காதுல வாங்கிக்கல. அதுக்குள்ள வேற இடி எறங்குச்சு. லயத்துக் கோழியெல்லாம் சொல்லிவச்ச மாதிரி அடைக்கு உக்காந்துருச்சு. ஒரு முட்டை கிடைக்கல. மாட்டுவண்டி பிடிச்சு, சிலிபின் ரோட்டு வழியா ஈப்போ பாசாருக்குப் போனேன். சந்தையைத்தான் அங்க பாசார்னு சொல்லுவோம்.

அங்க ஒரு சீனத் தவுக்கே, அதான் கடை மொதலாளி, தன் கடையில பெரிய பெரிய வாத்து முட்டையா அடுக்கி வச்சிருந்தாரு. மேல கறுப்பா சாம்பலும் மண்ணும் அப்பியிருந்துச்சு. வண்டியில கொண்டுபோறப்ப உடையாம இருக்க எவ்வளவு நல்ல யோசனை பண்ணியிருக்காருன்னு நெனச்சேன். தவுக்கே என்னென்னமோ சொல்லி, நாக்கைத் தொட்டுக் காட்டினாரு. ருசியா இருக்கும்னு சொல்றாருன்னு நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து சாம்பலைத் தேச்சுக் கழுவி, வழக்கம்போல தண்ணியில உப்பு வேற போட்டு அவிச்சேன். புத்தியைப் பாருங்க!

மறுநாள் களத்துல மொத முட்டையை முனியன் கடிச்சான். அவன் மொகம் போன போக்கை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். துப்புறான், காறுறான், தண்ணி தண்ணின்னு ஓடுறான். பின்னாலயே பத்துப் பேரு. அது உப்புல ஊறவச்ச முட்டையாம்! சோத்துக்குத் தொட்டுக்கத் துளித்துளியா திங்கிறதாம்! மதியத்துக்குன்னு கொண்டுபோன கோப்பியை மொத மரத்துலயே குடிச்சுத் தீத்துட்டு, அன்னிக்குப் பூரா நாக்கு ஒட்டிப்போய் மலை மேல திரிஞ்சிருக்காங்க. கிராணி காதுக்கு இதுவும் போச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. சாயங்காலம் மாரியாயி என் வாசல்ல வந்து நின்னா. திட்டத்தான் வந்திருக்கான்னு நான் தலையைத் தூக்கல. அவ மட்டும் முட்டையைத் துணியில முடிஞ்சு வச்சு, மதியம் பழைய சோத்தோட தின்னிருக்கா.

"நாளைக்கும் அந்தக் கோழிகிட்டயே வாங்கு அஞ்சலை. உப்புப் போட்டே முட்டையிடுது, நல்ல கோழி."

காப்புக் கட்டின மறுநாள்

தோட்டத்து அம்மன் கோயில்ல காப்புக் கட்டிட்டா, திருவிழா முடியிற வரைக்கும் லயத்துல யாரும் கவிச்சி தொட மாட்டாங்க. காப்புக் கட்டுறப்ப நானும் அங்கதான் இருந்தேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன், திருநீறு பூசிக்கிட்டேன். பூசிக்கிட்டு வீட்டுக்கு வந்து, பழக்கதோசத்துல பானையைத் தூக்கி அடுப்புல வச்சேன். என்னை எதால அடிக்கிறது?

காலையில களத்துல மூடியைத் தொறந்ததும் கூட்டமே மூக்கைப் பொத்திக்கிட்டுப் பின்னால போச்சு. மாரியாயி கன்னம் கன்னமாப் போட்டுக்கிட்டா. திருவிழா முடியிற வரைக்கும் நான் விக்கல. சாமிக்காக விக்காம இருந்ததைக்கூட, "இவ ஒழுங்கா வர்றதில்ல"ன்னு கிராணி சேத்துக்கிட்டாரு. மூடியைத் தொறந்த அன்னிக்கே முழுப் பானையையும் ஸ்டோர் காவலுக்கு இருந்த சர்தார்ஜிகிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். அவர் தாடியைத் தள்ளிவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா உள்ள தள்ளினாரு. முடிச்சுட்டு, தெரிஞ்ச அரைகுறைத் தமிழ்ல சந்தோசமாச் சொன்னாரு:

"உங்க சாமி நல்ல சாமி. தினம் திருவிழா வை."

புது இலை

மரம் துளிர்த்தா எல்லாருக்கும் சந்தோசம், பால் கூடும். அந்த வருசம் துளிரைப் பாத்துப் பயந்தவ நான் ஒருத்திதான். செம்பு நெறத்துல வந்த இலை ஒவ்வொரு நாளும் பச்சையாகப் பச்சையாக, நான் நாளை எண்ணினேன். ஒரு நாள் பெரட்டுக்குத் தொரையே வந்துட்டாரு. கிராணி பக்கத்துல நின்னு, வாசப்படி முட்டையிலேருந்து உப்பு முட்டை வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சாரு. தொரை கங்காணியைப் பாத்து, "யாராவது விழுந்தாங்களா?"ன்னு கேட்டாரு. கங்காணி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "விழலீங்க தொரே. ஆனா இலையுதிர் காலத்துல பால் கம்மி, வாளி கனமில்ல. அதனாலயும் இருக்கலாங்க"ன்னாரு. எனக்கு அவரை அந்தப் பானையாலயே போடலாமான்னு இருந்துச்சு.

"முட்டை மேல யாருக்குக் குறை? முன்னால வா"ன்னாரு தொரை. நீங்களே சொல்லுங்க, குறை சொல்லுங்கன்னா எந்தச் சனம் சும்மா நிக்கும்? தொரை ஏதோ சரிபண்ணிக் குடுக்கப்போறாருன்னு நெனச்சு மொத்த வரிசையும் ஒரு அடி முன்னால வந்துச்சு. மொத அடி மாரியாயியோடது. தொரை எல்லாரையும் பாத்தாரு. "சரி. வீடு காலி. நாளைக்கு முட்டை இல்ல."

முனியன் முன்னால வச்ச காலைப் பின்னால இழுத்துக்கிட்டான். அட பாவிங்களா, தினமும் கை நீட்டி வாங்கித் தின்னீங்களே, ஒரு வாய் பேசலாகாதா! கண்ணுல தண்ணி கொட்டுது, பானையைத் தூக்கக் கை வரல. மாரியாயி மட்டும் முன்னால வந்த எடத்துலயே நின்னா. "நாளைக்கு நாங்க எதைத் திங்கிறதுங்க?"ன்னு கேட்டா. "உங்க வீட்டுல அடுப்பு இல்லையா? அவிச்சுத் தின்னுட்டு வாங்க"ன்னு கிராணி அதட்டினாரு.

"சரிங்க. அப்ப பெரட்டை விடிஞ்ச பெறகு வைங்க. அடுப்பு மூட்டி, அவிச்சு, ஆறவச்சு, தின்னுட்டு வாரோம். வெயில் வந்துரும், அது எங்க குத்தம் இல்லீங்க"ன்னா. கங்காணி அவ முந்தானையைப் பிடிச்சு இழுத்தாரு. அவ அசையல. பின்னால ஒவ்வொருத்தராத் தலையாட்ட ஆரம்பிச்சாங்க, முனியனும் ஆட்டினான். தொரை நிமிந்து கெழக்கால பாத்தாரு. இந்த விசாரணையிலயே வானம் வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு, ஒரு மரத்துலகூட இன்னும் கத்தி படல. அவருக்குப் பால் கணக்கு வெளங்கிருச்சு. "பேச்சு போதும், மரத்துக்குப் போ! அவ வீடு இருக்கட்டும், முட்டையும் இருக்கட்டும்"னு கிராணிகிட்ட கத்திட்டுப் போயிட்டாரு.

நொண்டிக்கிட்டே போய் மாரியாயியைப் பிடிச்சு நிறுத்தினேன். என்ன சொல்றதுன்னு தெரியாம, பானையில இருந்ததுலயே பெரிய முட்டையை எடுத்து, என் கையாலயே உரிச்சு அவ கையில வச்சேன். நான் தேம்பித் தேம்பி அழுவுறேன். அவ வாளியைக் கீழ வச்சுட்டு, முட்டையை வெளிச்சத்துல ஒரு தடவை திருப்பிப் பாத்துட்டுக் கேட்டா:

"இதுவும் நேத்து அவிச்சதுதானே?"

அந்த வீட்டுல அதுக்கப்புறம் ரொம்ப வருசம் இருந்தேன், முட்டை நல்லா இருக்குன்னு ஒருத்தர் வாயாலயும் நான் கேட்டதில்ல, காப்புக் கட்டின மறுநாளைத் தவிர என் பானையில ஒரு முட்டை மிஞ்சினதும் இல்ல.